கிண்ணத்தின் தடம்

எங்கள் ஊருக்குப் பிரசவம் பார்க்க ஒரு டாக்டர் வந்து நிலைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வருவார்கள், ஒரு குளிர்காலத்தைப் பார்ப்பார்கள், ஐஸ் உருகுவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். டாக்டர் ஹிஸ்காக் ஒருவர்தான் என் தலைமுடி செம்பட்டையாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே கிடக்கிறார். அவரும் இந்தக் கோடையோடு ஓய்வு பெறுகிறார்.

அதனால் கிரீலி வீட்டுப் பெண் ரூத், டாக்டர் படிப்பை முடித்துவிட்டு என் ஊருக்கே வருகிறேன் என்று வந்து இறங்கியபோது, சர்ச் ஹாலில் விருந்தே வைத்தோம். உப்புக்கண்டமும் முட்டைக்கோசும் வேகவைத்த அண்டா காலியாகும்வரை ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. பிரசவ வார்டு நர்ஸான நான், மஜெல்லா, ஊரே வாயாடி என்று சொல்கிற நான், அன்றைக்குப் பேச்சு வராமல் அழுதேன். எங்கள் ரூத்தி இருந்தால்தான் வார்டு இருக்கும். இல்லாவிட்டால் இழுத்து மூடிவிட்டு, வலி எடுத்தவளைத் தொலைதூர நகரமான செயின்ட் ஜான்ஸுக்குப் போ என்பார்கள். சாலையெல்லாம் உறைபனி, போதாததற்குக் காட்டு மான் குறுக்கே பாயும். நிறைமாசக்காரி எவள் அந்த வழியில் போவாள்? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாக்கு இதுதான்.

ஜனெல் பார்டி வலியோடு வந்தது போன வாரம், நண்டு சீசன் நடுவில். புருஷன் லீண்டர் கடலில் இருந்தான். வேறு வருஷமாக இருந்தால் அவளும் அதே படகில்தான் இருந்திருப்பாள். நண்டுக்கூடை இழுப்பதில் ஆண்பிள்ளைகளைவிட அவள் கை ஓங்கியிருக்கும். சக்கர நாற்காலி வேண்டாம் என்று நடந்தே வார்டுக்குள் வந்தாள்.

"என்ன அத்தை, இன்னும் உன்னை வேலையை விட்டுத் துரத்தலயா?"

"உன் பிள்ளையை வெளிய எடுக்காம நான் போறதா இல்லடி. ஏறிப் படு."

எங்கள் ஊரில் வயதில் மூத்தவள் எல்லாருக்கும் அத்தைதான். இவள் பிறந்தபோது தொப்புள்கொடியை வெட்டியவளே நான்.

காலை முழுக்க எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கருப்பை வாசல் முழுசாகத் திறந்துவிட்டது. முக்க ஆரம்பித்தாள். நானும் கத்த ஆரம்பித்தேன். "தொண்டையில முக்காதேடி, கீழ முக்கு! இன்னும்! இன்னும்!" அவள் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ஆனால் தலை பாதி வழியில் நின்றுவிட்டது. நேரம் ஆக ஆக, வயிற்றில் கட்டியிருந்த மெஷினில் குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்து விழுந்து எழுந்தது.

டாக்டர் ஹிஸ்காக் உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். இடுக்கில் வெகுநேரம் மாட்டிய தலை வீங்கிப் போயிருந்தது. எலும்புகள் சேருகிற கோடு விரலுக்குத் தட்டுப்படவில்லை.

"குழந்தையோட பின்தலை வலப்பக்கம்னு தோணுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார். "ரூத், உன் டி.வி.யைக் கொண்டாம்மா. இன்னிக்கு என்ன கதை ஓடுதுன்னு பாப்போம்."

அல்ட்ராசவுண்டு மெஷினுக்கு அவர் வைத்த பெயர் டி.வி. ரூத்தி வந்த நாளிலிருந்து இந்தக் கேலிதான். கருவி போட்டுக் குழந்தையை இழுப்பதாக இருந்தால், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் திரையில் பார்த்தே தீரவேண்டும் என்பாள் அவள். விரல் ஏமாற்றும் என்பாள். அது உண்மைதான். எத்தனையோ பிரசவத்தில் அவள் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது. கிழவருக்கும் அது தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

அன்றைக்கு ரூத்திக்குக் காது சிவந்தது. படம் எடுக்கும் கருவிக்குக் கையுறை மாட்டி, கூழைத் தடவி, ஜனெலின் அடிவயிற்றில் குறுக்காக வைத்தாள்.

"இதோ ஒரு கண்ணு தெரியுது. இதோ முதுகுத்தண்டு. பின்தலை இடப்பக்கம், டாக்டர்."

"இடமா? நிச்சயமா?"

"நீங்களே வந்து கதையைப் பாருங்களேன்."

அவர் எட்டிப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். "சரி, டி.வி. சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான். நீயே இழு."

குழந்தையை இழுப்பதற்கான உறிஞ்சு கிண்ணத்தை அதன் பின்தலையில் பொருத்த வேண்டும். அங்கே பிடித்து இழுத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டி, தலை குனிந்து வழுக்கிக்கொண்டு வரும். முன்தலையில் பிடித்து இழுத்தால் முகம் நிமிர்ந்துகொள்ளும். கழுத்து குறுகலான ஸ்வெட்டரைக் கழற்றும்போது தாடை மாட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. ரூத்தி கிண்ணத்தை இடப்பக்கமாக உள்ளே தள்ளிப் பொருத்தினாள். வலி வந்தது. இழுத்தாள்.

"முக்கு ஜனெல்! முக்கு!"

டப்பென்று கிண்ணம் கழன்று வந்தது. மறுபடி பொருத்தினாள். நான் ஜனெலின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இப்போது நினைத்தாலும் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது, "பிள்ளை வேணும்னு ஆசை இருக்கா இல்லையாடி உனக்கு? முக்குடி!" என்று கத்தினேன். அவள் முக்கினாள். கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டுகிற அளவுக்கு முக்கினாள். மறுபடியும் டப்பென்று கழன்றது.

"போதும்," என்றார் டாக்டர் ஹிஸ்காக். "ஆபரேஷன்."

வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தபோது நான் துண்டை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ரூத்தியின் கைகள் ஒரு கணம் நின்றன. என்ன என்று பார்க்க எனக்கு நேரமில்லை. பையன். பூனைக்குட்டி மாதிரி அழுதான். கிண்ணத்தின் தடம் வட்டமாக, கருஞ்சிவப்பாக, நெற்றிக்குச் சற்று மேலே முடி தொடங்குகிற இடத்தில் இருந்தது. பின்தலையில் இருக்க வேண்டிய தடம். டாக்டர் ஹிஸ்காக் அதைப் பார்த்தார், ரூத்தியைப் பார்த்தார், பிறகு தையலைப் பார்க்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தலை வீங்கத் தொடங்கியது. மண்டைத் தோலுக்கும் ஓட்டுக்கும் நடுவே ரத்தம் கசிந்து பரவுகிற வீக்கம் அது. தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும். ஒரு பச்சைக்குழந்தையின் உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் அங்கே போய்த் தேங்கிவிட முடியும். பையன் வெளுத்துக்கொண்டே வந்தான். காதுகள் வீங்கி வெளியே தள்ளின. ரத்தம் ஏற்றினோம். ரூத்தி உச்சிக்குழியில் சின்னக் கருவியை வைத்து மூளைக்குள் கசிவில்லை என்று பார்த்தாள். இந்த முறை வைப்பதற்கு முன்னால் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடுபனி விலகி விமானம் வந்ததும், பையனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் செயின்ட் ஜான்ஸுக்கு அனுப்பினோம். வயிற்றில் தையலோடு ஜனெல் இங்கேயே படுத்திருந்தாள். மகனை அவள் பார்த்தது பெட்டியின் கண்ணாடி வழியாகத்தான்.

"ஏன் அத்தை இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

இப்படிக் கேட்டால் சொல்வதற்கு எங்கள் வார்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது. எல்லாரும் சொல்வோம். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்வோம். தலையணையைச் சரிபண்ணிக்கொண்டே நானும் சொன்னேன். "நீ களைச்சுப் போயிட்டே கண்ணு. அவ்ளோதான். யாருக்கும் நடக்கறதுதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் தேநீர் குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை ரூத்தி என்னைத் துணி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். முகம் செத்துப்போயிருந்தது.

"மஜெல்லா, நான் ஸ்கேன் கருவியைத் திருப்பிப் பிடிச்சுட்டேன்."

"என்னடி சொல்றே?"

"அது ஓரத்துல ஒரு சின்ன மேடு இருக்குமில்ல? அதைப் பார்த்துத்தான் பிடிக்கணும். கையுறைக்குள்ள போயிட்டா மேடு தட்டுப்படாது. அதனாலதான் வைக்கறதுக்கு முன்னாடி ஓரத்தை விரலால தேய்ச்சு, திரையில எந்தப் பக்கம் மினுங்குதுன்னு பாக்கறது. ஒரு நொடி வேலை. இங்க எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன். நேத்து நான் பண்ணல. அவர் கேலி பண்ணவும், காட்டறேன் பாருங்கன்னு ஒரு வேகம். வலம் இடமாயிடுச்சு. அவர் விரல் சொன்னதுதான் சரி. பிள்ளையோட நெத்தியைப் பிடிச்சு இழுத்திருக்கேன் மஜெல்லா. ரெண்டு தடவை."

ஓங்கி ஓர் அறை விடலாமா என்று வந்தது. குழந்தையிலிருந்து பார்த்த பெண். அறையவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை.

"ஹிஸ்காக்குக்குத் தெரியுமா?"

"தடத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடும், அங்க பேசிக்கலாம், வீட்டுக்காரங்களுக்கு அம்மா களைச்சுட்டாங்கன்னு சொல்லியாச்சு, அது போதும்னுட்டார். எனக்குப் போதல. நான் ஜனெல்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்."

"வாயை மூடு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? வீக்கம் வத்திடுமா? ஊர்பூரா உன் பேர் நாறும். பார்டி வீட்டாளுங்க சும்மா விடுவாங்களா? வக்கீலைப் பிடிப்பாங்க. நீ பயந்துகிட்டு மூட்டை கட்டுவே. இந்த வார்டுக்குப் பூட்டுத்தான். அப்புறம் எவளாவது பனியில ரோட்டோரம் கார்ல பெத்துப்பா. அதையும் சேர்த்துச் சுமப்பியா நீ? பிள்ளை பொழச்சுக்கும்ங்கறாங்க. விடு."

அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் தலையாட்டினாள். என் பேச்சைக் கேட்டாளே, அதுதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவள் நல்லவிதமாகத்தான் கிளம்பினாள். மறித்தவள் நான்.

அன்று மத்தியானம் லீண்டர் கடலிலிருந்து வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் நண்டு வாடை. அவன் அம்மா பொரித்துக் கொடுத்த ரொட்டியை வெல்லப்பாகோடு டப்பாவில் கொண்டுவந்திருந்தான். பெண்டாட்டியைப் பார்த்ததும் அவனுக்கு உதடு துடித்தது. அழக்கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"ஏண்டி, கூடையை ஒத்தைக் கையால தூக்கறவ, எட்டு பவுண்டுப் பொடியனை வெளிய தள்ள முடியலயா உன்னால?"

எங்கள் ஊரில் பாசத்தை இப்படித்தான் காட்டுவோம். வேறு எப்போதாவது சொல்லியிருந்தால் டப்பாவை எடுத்து அவன் தலையில் அடித்திருப்பாள். அன்றைக்குச் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரொட்டியைத் தொடவில்லை. அவன் நடைக்கு வந்து என்னிடம், "நான் எதுனா தப்பாச் சொல்லிட்டேனா அத்தை?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். அதுவும் ஒரு பொய்.

அடுத்த நாள் வீட்டுக்கு விடுவதாக ஏற்பாடு. நேரே செயின்ட் ஜான்ஸுக்குத்தான் போகப்போகிறார்கள். லீண்டர் வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தான். ஜனெல் பம்ப் வைத்துப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் மறு கையால் செயின்ட் ஜான்ஸ் வார்டுக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த நர்ஸ் நல்ல மனசுக்காரி போலிருக்கிறது, போனைப் பையன் பக்கத்தில் வைத்தாள். மெஷின் சத்தம் கேட்டது.

"குட்டி, அம்மாடா," என்றாள் ஜனெல். "தலை வலிக்குதாடா? அம்மாவாலதாண்டா. அம்மா ஒழுங்கா முக்கல. இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தா நீ நல்லா வந்திருப்பே. என்னை மன்னிச்சுடுடா ராசா. மன்னிச்சுடு."

பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போனை வைத்துவிட்டு என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள், ஏதோ கடைக்குப் போவதைச் சொல்கிற மாதிரி. "இன்னொண்ணு பெத்துக்க மாட்டேன் அத்தை. என் உடம்பு அதுக்கு லாயக்கில்ல. லீண்டர்கிட்ட மெதுவாச் சொல்லணும்."

இருபத்தாறு வயதுப் பெண். பனியில் ரோட்டோரம் பெறப்போகிறவள் என்று நான் யாரையோ கற்பனை பண்ணிக்கொண்டு அவளுக்காக இரக்கப்பட்டேன். கண் முன்னால் படுத்திருந்த இவளை என்ன செய்து வைத்திருக்கிறேன்! கிண்ணம் பையன் தலையில் விட்ட தடம் ஆறிவிடும். களைச்சுப் போயிட்டே என்று நான் சொன்ன சொல்லை இவள் சாகும்வரை சுமப்பாள்.

பாட்டிலை மூடி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு ரூத்தியைத் தேடிப் போனேன். கைகழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கை கழுவவில்லை.

"வா," என்றேன்.

"எங்க?"

"ஜனெல்கிட்ட. அவ கிளம்பறதுக்குள்ள."

"நீதானே வேண்டாம்னே?"

"நான் நாசமாப் போனவ. வா."

நாங்கள் போனபோது லீண்டர் வந்திருந்தான். ஜனெல் கோட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரூத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. கருவியைத் திருப்பிப் பிடித்தேன், படம் மாறிப் போயிற்று, கிண்ணத்தைத் தப்பான இடத்தில் வைத்தேன், உங்கள் மகன் தலையில் ரத்தம் கட்டியது அதனால்தான், உங்களால் இல்லை என்று சொல்லி முடித்தாள். தன் வாயாலேயே, ஒரு சொல்லையும் விழுங்காமல்.

லீண்டர் எழுந்துவிட்டான். முஷ்டியை மடக்கினான். ஜனெல் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் ரூத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் முக்கினேனா?"

"ஒழுங்காத்தான் முக்கினீங்க," என்றாள் ரூத்தி. "அதுக்கு மேல யாராலயும் முக்க முடியாது. தலை நிமிர்ந்து மாட்டிக்கிச்சு. மாட்டவெச்சது நான்."

ஜனெல் அழுதாள். வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, சத்தம் போட்டு, வார்டே கேட்கும்படி அழுதாள். லீண்டர் அவள் காலடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவளைத் தொட எனக்கும் ரூத்திக்கும் துணிச்சல் வரவில்லை.

அழுகை நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?" டாக்டர் என்று கூப்பிடவில்லை.

"வயித்தைத் திறந்தப்பவே."

"அத்தைக்கு?"

ரூத்தி வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"நேத்து காலையிலேர்ந்து," என்றேன். "அவ அப்பவே வந்து சொல்றேன்னா. நான்தான் வேண்டாம்னேன்."

"இப்ப நான் போன்ல அவன்கிட்டப் பேசினப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னே."

"ஆமா."

நான் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமே. அவள் போனை எடுத்தாள். செயின்ட் ஜான்ஸ் வார்டைக் கூப்பிட்டாள். "இன்னும் ஒரே தடவை அவன் பக்கத்துல வைங்கம்மா," என்றாள். மெஷின் சத்தம் கேட்டதும் போனை ரூத்தியிடம் நீட்டினாள்.

"நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். என்னோடது இல்லாத தப்புக்கு. இப்ப நீ கேளு."

ரூத்தி இரண்டு கையாலும் வாங்கினாள். "நான் ரூத்," என்று ஆரம்பித்தாள். "உன்னை இழுத்த டாக்டர். உன் அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுடு." ஒரு பச்சைக்குழந்தையிடம், ஒரு டாக்டர், ஒரு போனில். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

ஜனெல் போனை வாங்கி என் பக்கம் நீட்டினாள்.

ஊருக்கே வாயாடி நான். போனைக் காதருகே பிடித்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே லேசாக, மூக்கடைத்த மாதிரி, அவன் மூச்சு விடுவது கேட்டது. எப்படியோ முனகினேன். "உன் அம்மா நல்லாத்தான் முக்கினா ராசா. அதை அவளுக்குச் சொல்லவிடாம பண்ணது நான்."

"சத்தமாச் சொல்லு அத்தை," என்றாள் ஜனெல். "அவன் காது ரெண்டும் வீங்கியிருக்கு."

நான் சத்தமாகச் சொன்னேன்.